புண் ஆறிய பிறகு வேண்டிய ஈகை

கட்டடம் என்று சொல்லத்தக்க எதிலும் குடியிராமல், சாலையோரம், நடைபாதை, மேம்பாலத்தின் அடி, மாடிப்படியின் கீழ், பெரிய சிமென்ட் குழாய்களின் உட்புறம், ரயில் நிலைய நடைமேடை, கோயில் மண்டபம் போன்ற இடங்களில் வாழ்வோரையே இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடற்றோர் என்று வகுத்திருக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாடு முழுவதும் இத்தகையோர் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். தமிழ்நாட்டில் 50 ஆயிரத்துக்குச் சற்று மேல். அந்த ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இரவில் ஒரே மூச்சில் எடுக்கப்பட்ட கணக்கு இது என்பதால், அன்றிரவு கண்ணில் படாதவர்கள் கணக்கிலும் வரவில்லை என்றே கொள்ள வேண்டும்.

செங்கல்பட்டு அப்போது தனி மாவட்டமாக இருக்கவில்லை. 2019 நவம்பரில்தான் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. ஆனால் வீடற்றவர்கள் வந்து சேரும் ஊர்கள் அன்றும் இன்றும் அவையேதான். தென் மாவட்டங்களிலிருந்து சென்னைக்குச் செல்லும் ரயில்கள் கடந்து போகும் செங்கல்பட்டுச் சந்திப்பு, மலைக்கோயிலை நாடி அடியார்கள் வரும் திருக்கழுக்குன்றம், முருகன் தலமான திருப்போரூர், தர்காவும் மாதா கோயிலும் உள்ள கோவளம், சுற்றுலாக் கூட்டம் குறையாத மாமல்லபுரம் ஆகிய யாவும், ஏந்திய கையைக் கண்டால் நாணயம் போடும் வழக்கம் வேரூன்றிய இடங்கள். ஆகவே திக்கற்றவர்கள் அங்கே தங்கிவிடுவதில் வியப்பில்லை. கொடை கிடைக்கும் இடத்தைத் தேடித்தான் கால்கள் நடக்கின்றன.

தமிழ்நாட்டில் ஈகைக்குக் குறைவில்லை. கோயில்களில் 2002ஆம் ஆண்டு முதல் அரசு நடத்திவரும் அன்னதானத் திட்டம் பெரும்பாலும் பொதுமக்களின் நன்கொடையில் நடக்கிறது. பிறந்த நாள், திருமண நாள், திதி என்று காப்பகங்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போடும் குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. இதை இழித்துரைக்க எவருக்கும் உரிமையில்லை, ஏனெனில் பசித்தவனுக்கு அந்த ஒரு வேளைதான் அன்றைய நாள். எனினும் இவ்வகை ஈகையில் ஓர் இயல்பு உண்டு. அது கண்ணை நம்பி நடப்பது: பசியை, கிழிந்த துணியை, புண்ணை, ஊனத்தைக் கண்டால் கை தானாக நீள்கிறது, அவை மறைந்ததும் மடங்கிவிடுகிறது. வீடற்ற ஒருவர் மீண்டெழுவதற்கான செலவோ, அவை மறைந்த பிறகுதான் பெரும்பாலும் தொடங்குகிறது. இந்த முரணுக்கு மிகத் தெளிவான சான்று செங்கல்பட்டை ஒட்டிய திருமணியிலேயே கிடைக்கிறது.

சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் மனைவி பெயரால் 1924இல் திருமணியில் தொழுநோயாளருக்கான இல்லம் ஒன்று எழுந்தது. தொழுநோய் அக்காலத்தில் மருத்துவச் சிக்கலாக இருந்ததைவிட இருப்பிடச் சிக்கலாகவே மிகுதியும் இருந்தது: நோய் தெரிந்தவுடன் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் பிச்சையெடுத்தார்கள், பிச்சையெடுத்த தொழுநோயாளரைக் கைது செய்து அடைத்து வைக்க 1898ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடமளித்தது. இந்த நிலையில், திருச்சபை ஊழியமும் அரசுப் பணமும் சேர்ந்து நடந்த திருமணி போன்ற இல்லங்கள் அவர்களுக்குப் புகலிடமாயின. அங்கே பணியாற்றிய மருத்துவர் ராபர்ட் காக்ரேன், 1940களில் சல்போன் என்னும் மருந்து வகையைக் கொண்டு தொழுநோயைக் குணப்படுத்தும் முயற்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர். அந்த இல்லத்தை 1955இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது; மத்தியத் தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் என்று இன்று அறியப்படுவது அதுவே.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1947இல் காக்ரேனைக் காணச் செங்கல்பட்டுக்கு வந்தார். விரல்கள் உள்நோக்கி மடங்கி உகிர் போலாகிவிட்ட ஒரு நோயாளியின் கைக்குள் தம் கையை வைத்து, இயன்ற மட்டும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னபோது, அந்தப் பிடியின் வலு அவரைத் திடுக்கிட வைத்தது. தசைகள் எல்லாம் செத்துவிடவில்லை, சில நரம்புகள் மட்டுமே செயலிழந்திருக்கின்றன, ஆகவே நல்ல தசையின் தசைநாணை வேறிடத்துக்கு மாற்றித் தைத்தால் விரல்கள் நிமிரும் என்ற எண்ணம் அந்தப் பிடியில் பிறந்தது. வேலூரில் அந்த அறுவை சிகிச்சை வெற்றி பெற்றது, மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. அதன் பிறகு நடந்ததுதான் இக்கட்டுரைக்கு வேண்டியது. கை சீராகி வெளியே சென்ற நோயாளிகளுள் ஒருவர் திரும்பி வந்து, இந்தக் கை பிச்சைக்கு ஆகாத கை என்று முறையிட்டதை பிராண்ட் பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். உகிர்க்கையைக் கண்டு இரங்கிக் காசு போட்டவர்கள் நேரான கையைக் கண்டு போடவில்லை. முகத்தில் நோயின் தழும்பு இருந்ததால் வேலை கொடுக்கவோ வீடு வாடகைக்கு விடவோ எவரும் முன்வரவுமில்லை. ஒரு மனிதரின் கை சீரானதே அவருக்குச் சோறு கிடைக்காத காரணமாயிற்று.

இதற்கு விடையாக 1950களின் தொடக்கத்தில் வேலூரில் அமைந்தது நவஜீவ நிலையம். எளிய குடில்கள் சில, தச்சுப் பட்டறை ஒன்று, மரப் பொம்மை செய்யும் பயிற்சி என்ற அளவில் நடந்த அவ்விடத்தில், அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் தங்கிப் புதிய கையைக் கொண்டு பிழைக்கக் கற்றார்கள். மருத்துவமனைப் படுக்கைக்கும் சொந்த வீட்டுக்கும் இடையே தங்கிப் பழகும் இடத்தை இன்று இடைநிலை இல்லம் என்கிறார்கள். அந்தச் சொல் இங்கே புழக்கத்துக்கு வருமுன்பே அந்தப் பொருள் தொண்டை மண்டலத்தில் இருந்தது.

இதற்கு நேர் எதிரான ஈகையைச் செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரை கண்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் உலகெங்கிலுமிருந்து பணம் வந்து குவிந்தது. முதலில் எழுந்த தற்காலிகக் குடியிருப்புகள் பல இடங்களில் தார்ஷீட்டால் ஆனவை. வெயிலில் உள்ளே இருக்க முடியாது, மழையில் தரையில் இருக்க முடியாது. பின்னர் 2005 மார்ச்சில் வெளியான அரசாணையின்படி, தொண்டு நிறுவனங்கள் ஊரைத் தத்தெடுத்து, வீடொன்றுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் என்ற மதிப்பில் 300 முதல் 325 சதுர அடிக் கான்கிரீட் வீடுகளைக் கட்டித்தரலாயின. மீனவர் குப்பங்களுக்கு அது பொருந்திய ஈகை, ஏனெனில் அவர்களுக்குக் குடும்பமும் கூட்டமும் தொழிலும் இருந்தன, போனது கூரையும் படகும் வலையும். குடும்பமே அறுந்து போனவருக்குக் கூரை மட்டும் கொடுத்தால் அது நிற்பதில்லை. எவருக்கு எது போயிற்று என்று கேளாமல் கொடுக்கும் ஈகை, அளவில் பெரிதாக இருந்தாலும் பயனில் சிறுத்துவிடும்.

எல்லாம் அறுந்து போன மனிதர்களுள் கடைநிலையில் இருப்பவர்கள் மனநோயோடு தெருவில் அலைவோர். அவர்களுக்காகவே 1993இல் சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இரு இளம்பெண்கள் தொடங்கிய அமைப்பு ‘தி பான்யன்’. ஆலமரம் என்று பொருள்படும் பெயர். வாடகை வீடொன்றில் தொடங்கி, முகப்பேரில் ‘அடைக்கலம்’ என்னும் இல்லமாக வளர்ந்து, பின்னர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் பகுதிக்கும் வந்து, நீண்ட நாள் துணை தேவைப்படும் பெண்களுக்கான சிறு வீடுகளையும் ஊர் மக்களுக்கான மனநலப் பணியையும் அது நடத்திவருகிறது. அந்த அமைப்பு தொடங்கி எட்டு ஆண்டுகள் கழித்து, 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டபோதுதான், காப்பகம் என்று பெயர் வைத்தால் மட்டும் ஓரிடம் காப்பிடமாகிவிடாது என்பது நாட்டுக்கு உறைத்தது.

தெருவிலிருந்து ஒருவரை மீட்டெடுப்பது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். அலைந்து திரியும் பெண் ஒருவரைப் பற்றித் தகவல் வருகிறது. சடை பிடித்த தலை, பல அடுக்காக உடுத்திய அழுக்குத் துணி, காலில் புழு வைத்த புண், கையில் எவரையும் தொட விடாத ஒரு மூட்டை. முதல் நாள் நடப்பவை குளியல், புண்ணுக்கு மருந்து, சோறு, உறக்கம், அவ்வளவே. அந்த மூட்டையை வலிந்து பிடுங்காமலிருப்பதும் அதில் சேர்த்தி. வாரங்கள் கழித்து மருந்து வேலை செய்யத் தொடங்கும்போது சொற்கள் வருகின்றன: ஓர் ஆற்றின் பெயர், ஒரு சந்தையின் பெயர், ஒரு குழந்தையின் பெயர். மொழி தமிழாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ரயில் எங்கிருந்தும் வரும். அந்த மொழி தெரிந்த ஒருவரைத் தேடி, சந்தையின் பெயரை வைத்து மாவட்டத்தை ஊகித்து, அங்குள்ள காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி, பலமுறை தவறிப் பின் ஒருமுறை சரியாகி, இறந்துவிட்டதாகக் கருதிக் கருமாதியே செய்து முடித்த வீட்டுக்குக்கூட அந்தப் பெண் போய்ச் சேர்வதுண்டு. உடன் செல்லும் பணியாளருக்கும் சேர்த்து ரயில் பயணச் சீட்டு, வழிச் சாப்பாடு, பல மாத மருந்து, பிறகு மாதந்தோறும் தொடர்ந்து விசாரிக்கும் அழைப்பு ஆகியவை இந்தத் திரும்புதலின் செலவுக் கணக்கு. இவற்றுள் ஒன்றுகூடப் புகைப்படத்தில் விழுவதில்லை.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்தப் பணியின் ஒரு பகுதியை அரசின் கடமையாக்கியது. அதன் 100ஆம் பிரிவு, தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாமல் மனநோயோடு அலைவதாகக் கருதத்தக்கவரைத் தம் பாதுகாப்பில் ஏற்க வேண்டிய பொறுப்பைக் காவல் நிலைய அதிகாரியிடம் ஒப்படைக்கிறது. அவரை லாக்கப்பில் அடைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும், வீடற்றவராயின் காணாமற்போனோர் வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். 19ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே சென்று, குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் எவரையும் மனநல மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. சட்டம் நல்ல சட்டம். ஆனால் மருத்துவமனையை விட்டு வெளியே வருபவர் போய்ச் சேர ஒரு வாசல் இருந்தாலன்றி அந்தப் பிரிவு ஏட்டளவில் நிற்கும். நாட்டின் 43 அரசு மனநல மருத்துவமனைகளை ஆராய்ந்து 2019இல் வெளியான அறிக்கை ஒன்று, அங்கிருந்தோரில் 36 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்கள் ஓராண்டோ அதற்கு மேலோ அங்கேயே தங்கிவிட்டவர்கள் என்று காட்டியது.

திரும்பிச் செல்ல வீடில்லாதவர்களுக்காக ‘தி பான்யன்’ 2015ஐ ஒட்டித் தொடங்கிய முயற்சி ‘ஹோம் அகெய்ன்’, அதாவது மீண்டும் ஒரு வீடு. கனடா நாட்டின் நிதியமைப்பு ஒன்று இதற்குத் தொடக்க உதவி அளித்தது. இதன் வழிமுறையைக் கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும்: ஊருக்குள், மற்ற வீடுகளுக்கு நடுவே, ஒரு சாதாரண வீட்டை வாடகைக்குப் பிடித்து, நான்கைந்து பேரை அதில் குடிவைத்து, அவரவர் தேவைக்கேற்பத் துணைப் பணியாளரை அமர்த்துவது. பெயர்ப் பலகை கிடையாது. பார்வையாளர் நேரம் கிடையாது. காப்பகத்தில் நூறு பேருக்கு ஒரே அண்டாவில் சாம்பார் கொதிக்கும், மணி அடித்தால் தட்டெடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். இந்த வீட்டிலோ இன்றைக்கு நெத்திலியா கத்தரிக்காயா என்று காலையில் வாக்குவாதம் நடக்கிறது, உப்பு கூடிவிட்டால் ஒருவர் மற்றவரைக் குறை சொல்கிறார், வாசல் சாவி குடியிருப்பவர்களின் கையில் இருக்கிறது. பத்தாண்டு காலம் எதையும் தேர்ந்தெடுக்காத ஒருவர், குழம்பைத் தேர்ந்தெடுக்கத் தொடங்குவது மருத்துவத்தின் பகுதிதான். 2021இல் உலக சுகாதார நிறுவனம், மனித உரிமையை மதிக்கும் சமூக மனநலப் பணிகளுக்கு உலகெங்கிலுமிருந்து எடுத்துக்காட்டுகளைத் தொகுத்தபோது, இருப்பிடத் துணைப் பணிகளின் வரிசையில் சென்னையின் இந்த முயற்சியையும் சேர்த்தது. நியூயார்க்கில் 1992இல் தொடங்கிய ‘முதலில் வீடு’ என்னும் முறையும் ஏறத்தாழ இதே துணிவின் மீது நிற்கிறது: திருந்தினால், தேறினால் வீடு என்று நிபந்தனை போடாமல், வீட்டை முதலில் கொடுத்துவிட்டுத் தேறுவதற்குத் துணை நிற்பது. அங்கே பெரும்பாலும் ஆளுக்கொரு தனி வீடு. இங்கே ஒரே அடுப்பைச் சுற்றி நால்வர் என்பது வேறுபாடு. தமிழ்நாட்டுக்கு இதுவே பொருந்தும் என்று தோன்றுகிறது.

இனிக் காசுக்கு வருவோம், ஏனெனில் இத்துறையில் நல்லெண்ணத்தைவிடக் கணக்குப் புத்தகம் உண்மையைச் சொல்லும். இப்படி ஒரு வீட்டை நடத்த வேண்டியவை: அட்வான்ஸ் (மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்குவதைத் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் கட்டுப்படுத்தினாலும், நடைமுறையில் வீட்டுக்காரர் கேட்பதே தொகை), மாத வாடகை, மின்கட்டணம், எரிவாயு உருளை, மளிகை, மருந்து, எல்லாவற்றுக்கும் மேலாகத் துணைப் பணியாளரின் சம்பளம். கட்டடம் எழுப்ப நன்கொடை கேட்டால் கிடைக்கும், ஏனெனில் கல்லில் பெயர் பொறிக்கலாம்; ஆம்புலன்ஸ் கேட்டாலும் கிடைக்கும், அதன் கதவிலும் பெயர் எழுதலாம்; ஒருவருடைய சம்பளத்தின் மீது பெயர் எழுத முடியாது. இந்தத் தயக்கத்தைச் சட்டமும் ஓரளவு ஊக்குவிக்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தம், அவ்வகைப் பணத்தில் நிர்வாகச் செலவுக்கு ஒதுக்கத்தக்க வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. மோசடியைத் தடுக்க அது வேண்டியதுதான் என்பாருண்டு. ஆனால் சம்பளம் என்றாலே வீண்செலவு என்னும் மனப்பான்மை பரவுமானால், மனிதரை மனிதர் தாங்கி நிமிர்த்தும் இப்பணியில், தாங்குபவருக்குக் கொடுக்காமல் தாங்குதலை மட்டும் எதிர்பார்ப்பதாக முடியும்.

நிறுவனங்கள் தரும் சமூகப் பொறுப்பு நிதியிலும் இதே சிக்கல் உண்டு. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்பனையோ இலாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைப் பொதுநலப் பணிக்குச் செலவிட வேண்டும். பழைய மாமல்லபுரம் சாலையின் இருமருங்கிலும் கணினி நிறுவனங்கள் வரிசையாக நிற்கும் இம்மாவட்டத்தில் இது சிறிய தொகையன்று. ஆனால் திட்டங்கள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்கே வகுக்கப்படுகின்றன; மனநோயிலிருந்து மீள்பவருக்கு மருந்தும் துணையும் பத்தாண்டுக்குக்கூட வேண்டியிருக்கலாம்.

காலத்துக்கும் நிற்கும்படி கொடுப்பது தமிழருக்குத் தெரியாத கலையன்று. சோழர் காலத்தில் கோயிலில் நந்தா விளக்கு எரிக்க விரும்பியவர்கள் எண்ணெய்க் குடத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வரவில்லை. விளக்கொன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைத்து, நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். செத்தது போகக் குட்டிகளால் எண்ணிக்கை குறையாமல் பேண வேண்டியவை என்பதால், கல்வெட்டுகள் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றன. இக்காலத்தில் முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடும் மூலநிதி என்பதும், கோயில்களில் இன்றும் வழங்கும் கட்டளை என்பதும் அந்த ஆட்டுமந்தையின் வழித்தோன்றல்களே. ஒரு விளக்குக்கு வாய்த்தது ஒரு வீட்டு வாடகைக்கு ஏன் வாய்க்கக் கூடாது? ஒரு தெருவிலுள்ள பத்துக் குடும்பங்கள் பிறந்த நாள் சாப்பாட்டுத் தொகையைச் சேர்த்து மாதந்தோறும் கட்டினால், நால்வர் வாழும் வீட்டின் வாடகையில் பெரும்பகுதி அதிலேயே தேறிவிடும்.

கொடுப்பவருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள் இங்கே தகும். வருமான வரியில் நன்கொடைக்கான சலுகை கோருவோர் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. வங்கி வழியாகவே செலுத்த வேண்டும். மனநோயாளரை வைத்துப் பராமரிக்கும் இல்லம் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டும்படி கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. தெருவில் இத்தகைய ஒருவரைக் கண்டால் அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் சொல்லலாம், 100ஆம் பிரிவை நினைவூட்டவும் செய்யலாம். மனநல ஆலோசனைக்கு ‘டெலி மானஸ்’ சேவையின் 14416 என்ற எண் உண்டு. அடுத்த முறை காப்பகம் ஒன்றில் சாப்பாடு போடச் செல்பவர்கள், எத்தனை பேர் இங்கே இருக்கிறார்கள் என்ற வழக்கமான கேள்வியோடு, போன ஆண்டு இங்கிருந்து எத்தனை பேர் வெளியே போனார்கள், அவர்களுடைய இந்த மாத மருந்துக்கும் வாடகைக்கும் யார் கொடுக்கிறார்கள் என்றும் கேட்டுப் பார்க்கலாம்.